முதல் கேள்வி வெளியாளுக்கு

புதன்கிழமை வந்துவிட்டால் லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவாது. நகக்கண்ணில் ஏறிய கிரீஸைப் பழைய பிரஷ்ஷால் சுரண்டுவார். சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார். கல்யாணத்தன்றுகூட ஒழுங்காகத் தலை வாராத மனுஷன், கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாள் அவர் மனைவி.

"காலேஜ்ல கம்ப்யூட்டர் பேச்சு. வாரா வாரம் நடக்குது. யாரு வேணா போலாம்."

கம்ப்யூட்டராம், பேச்சாம்! போனில் அலாரம் வைக்கவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ஆள். யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறார்?

வேறு எவளோ இருக்கிறாள் என்று அவளுக்குப் பட்டது. ஒரே மகள் தன் இஷ்டத்துக்கு ஒருத்தனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று கத்தியவள் இவளேதான். மகள் பேச்சையே வீட்டில் எடுக்கக்கூடாது என்று புருஷனிடம் சத்தியமும் வாங்கியாயிற்று. எந்த ஊரில் இருக்கிறாளோ, என்ன செய்கிறாளோ, ஒன்றும் தெரியாது. மிச்சம் இருப்பது இந்த மனுஷன் ஒருத்தர்தான். இவரும் கைவிட்டுப் போனால் தனக்கு யார் இருக்கிறார்கள்?

அந்தப் புதன்கிழமை, துணி கேட்டு வந்தவளை நாளைக்கு வரச்சொல்லி விரட்டிவிட்டு, சால்வையைத் தலையில் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனாள். நிஜமாகவே காலேஜுக்குத்தான் போனார். வாசலில் காவலாளி, "வாங்கண்ணே, இன்னைக்கு லேட்டா?" என்று சிரித்தான். ஓஹோ, வாட்ச்மேன்வரைக்கும் பழக்கமா!

மேல்மாடியில் அந்தக் கூடம். அவர் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் பதுங்கினாற்போல உட்கார்ந்தார். இவள் கதவோரத்து நாற்காலியில் ஒடுங்கினாள். மேடையில் ஒரு பெண், இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, புரொஜெக்டரில் வயரை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்த முதுகைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் பல்.

இவள்தானா! இருக்கட்டும், கூட்டம் முடியட்டும், ரெண்டு பேரையும் நாலு பேர் முன்னால் நாறடித்துவிடுகிறேன் என்று பல்லைக் கடித்தாள்.

மேடையிலிருந்தவள் திரும்பினாள். மகள்.

சந்தேகம் தீர்ந்ததும் மனசு ஆற வேண்டுமா இல்லையா? ஆறவில்லை, இன்னும் பற்றிக்கொண்டு எரிந்தது. இந்தக் காலேஜ் லிஃப்டைப் பழுதுபார்க்க வந்தவர் அப்போதே மகளைப் பார்த்திருப்பார். வாரா வாரம் தான் மட்டும் வந்து பிள்ளை முகத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் தெரியாதவர்போலச் சோறு தின்றிருக்கிறார். பாவி மனுஷன்! வேறு எவளாவது இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மகள் பேச வந்தவரை அறிமுகப்படுத்தினாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சாப்பிடுகிறாளா, இல்லையா?

வந்தவர் வழுக்கைத் தலைப் பேராசிரியர். கம்ப்யூட்டருக்குள் ரெண்டு வேலைகள் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு அப்படியே உறைந்துபோவதைப் பற்றிப் பேசினார். "ஒருத்தர் கையில பேனா, இன்னொருத்தர் கையில பேப்பர். எழுதணும்னா ரெண்டு பேருக்கும் ரெண்டும் வேணும். ஆனா, நீ முதல்ல குடுன்னு ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க. எத்தனை காலம் ஆனாலும் நகராது." மற்றதெல்லாம் அவளுக்குப் புரியவில்லை. இது புரிந்தது.

பேச்சு முடிந்தது. "நம்ம வழக்கப்படி முதல் கேள்வி வெளியாளுக்கு. காலேஜைச் சேராதவங்க யாராவது கேளுங்க" என்றாள் மகள். தூணுக்குப் பின்னால் இருந்தவர் இன்னும் குனிந்துகொண்டார். கதவோரத்தில் ஒரு கை உயர்ந்தது.

மகள் மைக்கை எடுத்துக்கொண்டு சிரித்தபடியே வந்தாள். கிட்டே வந்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. மைக்கை நீட்டினாள்.

"ஐயா, அப்படி ரெண்டு பேரும் பிடிச்ச பிடியில இருந்தா," அம்மா மைக்கை வாங்கிக் கேட்டாள், "யாரு முதல்ல விடணும்?"

"நல்ல கேள்விம்மா. தானா யாரும் விடமாட்டாங்க. யாருக்குச் சேதம் கம்மியோ அவங்களை நாங்க விட வைப்போம்."

தனக்கு என்ன சேதம் என்று யோசித்துப் பார்த்தாள். கோபத்தில் சொன்ன ஒரு சொல். அவ்வளவுதான்.

"அப்ப நானே விட்டுடறேன்" என்றாள், பேராசிரியரைப் பார்க்காமல். "ஏண்டி இப்படித் துரும்பா இளைச்சுட்டே? இன்னைக்கே வீட்டுக்கு வா. மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா."

மாப்பிள்ளை என்று அவள் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. மகள் அங்கேயே மண்டியிட்டு அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசி வரிசையில் லிஃப்ட் மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்ல எழுந்தார்.

"நீங்க உக்காருங்க!" மைக் இன்னும் அம்மா கையில்தான் இருந்தது. "உங்களை வீட்ல வெச்சுப் பேசிக்கிறேன்."