பைக்குள் அடங்கும் போன்

அந்த ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவரவர் பார்க்கும் மாடிதான் அவரவர் பெயர். "மூணாம் மாடி வந்தாச்சா?", "ரெண்டாம் மாடிக்குக் காய்ச்சலாம்" என்றுதான் அங்கே பேச்சு. நம்முடைய ஆள் நாலாம் மாடி. வேலையில் சூரப்புலி. விரிப்பில் ஒரு சுருக்கம் கண்ணில் பட்டால் அதை நீவிவிடாமல் அந்த இடத்தை விட்டு நகர மாட்டாள். கையில் இருப்பதை எங்கே வைத்தோம் என்பது மட்டும் அவளுக்கு நினைவில் நிற்காது.

அவள் புருஷன் இரவு பஸ் ஓட்டுகிறவர். அவள் வேலை முடிந்து வருகிற நேரம் அவர் கிளம்புகிற நேரம். வருஷக்கணக்காக இருவரும் வீட்டு மாடிப்படியில்தான் சந்தித்துக்கொண்டார்கள். இவள் ஏறுவாள், அவர் இறங்குவார். "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்", "கதவைத் தாழ் போட்டுக்கோ", அவ்வளவுதான் குடும்பப் பேச்சு. புருஷனோடு பேசியதைவிட ஓட்டல் லிப்டோடு பேசியதுதான் அதிகம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாளே தவிர, உள்ளுக்குள் அது குறையாகத்தான் இருந்தது.

ஓட்டலில் போன் வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது. முன்பெல்லாம் துப்புரவுப் பிரிவுக்குத் தலைவியான மேடம் ஒவ்வொரு அறையாக வந்து, கட்டிலுக்கடியில் குனிந்து, குழாயைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு நாலாம் மாடிக்கு வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை இவள் சுவரில் சாய்ந்து நிற்க வேண்டியதுதான். இப்போது அறையை முடித்ததும் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால், மேடம் கீழேயிருந்தே "சரி" என்று பதில் போட்டுவிடுவார். கடைசி "சரி" வந்த கையோடு வீட்டுக்கு ஓட்டம். அவர் கிளம்ப இன்னும் அரைமணி நேரம் இருக்கும். அவர் டீ போடுவார், இவள் காலை நீட்டி உட்காருவாள். பஸ்ஸில் சண்டை போட்டவர்கள், குறட்டை விட்டவர்கள், ஊர் மாறி இறங்கியவர்கள் கதையெல்லாம் அவர் நடித்தே காட்டுவார். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் அவள் காலையிலிருந்து அரக்கப் பரக்க ஓடினாள்.

அதற்கும் வந்தது வேட்டு. ஓட்டலில் கொடுத்திருந்த போன்கள் ஒவ்வொன்றும் பலகை அகலம். சீருடையின் பையோ கைக்குட்டைக்கும் சாவிக்கும் தைத்தது. மேலே கட்டும் ஏப்ரனின் முன்பை துடைக்கிற துணிகளுக்கே சரியாக இருந்தது. வேறு வழியில்லாமல் பெண்கள் போனைக் கட்டில் மேல் வைத்துவிட்டு விரிப்பை விரிப்பார்கள். வேலை மும்முரத்தில் விரிப்பு போனுக்கு மேலேயே போய்விடும். ஓரத்தை இழுத்துச் செருகினால் போன் இருந்த சுவடே தெரியாது. ஒருநாள் ஒரு விருந்தாளி ரிசப்ஷனைக் கூப்பிட்டு, "என் மெத்தை மணியடிக்குது, எடுக்கலாமா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மாடிகளில் போனில் மணியே கூடாது, அதிர்வு மட்டும்தான் என்று சட்டம் வந்தது. அப்போதும் அடங்கவில்லை. இன்னொருவர் படுத்த இடத்தில் கடகடவென்று ஏதோ அதிர, நிலநடுக்கம் என்று வராந்தாவுக்கு ஓடிவந்துவிட்டார். இரண்டும் நாலாம் மாடியின் கைங்கரியம்.

மேனேஜர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "போனும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். பழையபடி மேடமே நேர்ல பார்க்கட்டும்" என்றார்.

நாலாம் மாடியின் அரைமணி நேர டீ அதோடு போயிருக்கும். நல்ல வேளையாக, ஓட்டலுக்குச் சாமான் வாங்கிப் போடும் ஸ்டோர்காரர் ஒரு சின்னப் பெட்டியோடு முன்னே வந்தார். "சார், இதைப் பாருங்க. கைக்கடக்கமா இருக்கு, விலையும் கம்மி, கேமராவும் இருக்கு. ஒரு வாரம் யார்கிட்டயாவது கொடுத்துப் பார்ப்போம்."

"யார்கிட்ட?"

"எங்கிட்ட கொடுங்க சார்," என்றாள் நாலாம் மாடி முந்திக்கொண்டு. "என் கையில தொலையாத போன் உலகத்துல யார் கையிலயும் தொலையாது."

மேனேஜர் பெட்டியை வாங்கி அவளிடம் நீட்டினார். "சரி. ஆனா இதுவும் தொலைஞ்சா, அத்தோட போன் கதை முடிஞ்சுது. சொல்லிட்டேன்."

அன்று மாலை புருஷன் அதை உள்ளங்கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இது போனா, போன் போட்ட குட்டியா?"

"குட்டியா இருந்தாத்தாங்க பைக்குள்ள போகும்."

போயிற்று. சீருடைப் பையில் போட்டால் துருத்தவில்லை, குனிந்தால் குத்தவில்லை. முதல் நாள் முழுக்க அவள் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் விருந்தாளிகள் அவளுக்கு ஏதோ சொறி என்று நினைத்திருப்பார்கள். ஒரு கையில் துடைப்பத்தை வைத்துக்கொண்டு மறு கையின் கட்டைவிரலாலேயே எல்லாவற்றையும் தட்ட முடிந்தது. குளியலறைத் தரையில் ஒருமுறை விழுந்தது. சருகு மாதிரி விழுந்து, ஒன்றும் ஆகாமல் கிடந்தது. சார்ஜ் மாலை வரைக்கும் தாங்கியது.

கேமராதான் கொஞ்சம் சண்டி. திரைச்சீலை மூடியிருந்தால் வெள்ளை விரிப்பு பழுப்பாகத் தெரிந்தது. "இது துவைச்ச விரிப்பா, டீயில முக்கின விரிப்பா?" என்று மேடம் கேட்டனுப்பினார். திரைச்சீலையை விலக்கிவிட்டு எடுத்தாள், வெள்ளை வெள்ளையாக வந்தது. கையை ஆட்டினால் தலையணை இரண்டாகத் தெரியும், அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்கப் பழகினாள். இன்னொரு குறை அதிர்வு. ஒரு ஈ உட்கார்ந்து எழுந்த அளவுக்குத்தான் இருந்தது. இதெல்லாம் ஒரு குறையா என்று விட்டுவிட்டாள்.

கடைசி நாள் வந்தது. மாலையில் மேனேஜர் முடிவு சொல்வதாக ஏற்பாடு. உற்சாகத்தில் நாலாம் மாடி அன்றைக்கு எல்லா அறைகளையும் முதலில் முடித்துவிட்டு, படங்களை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். முடித்துவிட்டுப் பைக்குள் கையை விட்டாள். பை காலி.

பழகிய குற்றவாளிக்குச் சந்தேகம் எங்கே போகும்? நேரே கட்டிலுக்குத்தான் போனது. முதல் அறையில் விரிப்பை உருவினாள். இல்லை. அடுத்த அறை. அங்கும் இல்லை. யாரிடமாவது சொன்னால் அது மேனேஜர் காதுக்கு லிப்டைவிட வேகமாகப் போய்விடும். அறைத் தொலைபேசியிலிருந்து அந்த எண்ணை அழைத்துவிட்டு மெத்தையில் காதை வைத்துக் கேட்டாள். ஈ உட்காரும் சத்தம் மெத்தைக்குள்ளிருந்து எங்கே கேட்கப்போகிறது? வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரம் வந்தது, போனது. காலையிலிருந்து செய்த படுக்கைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

வீட்டில் போட்ட டீ ஆறிப்போக, போனிலும் பதில் வராமல் போக, புருஷன் பயந்துபோய் முன்கூட்டியே கிளம்பிவிட்டார். ஓட்டல் அவருடைய டிப்போவுக்குப் போகிற வழிதான். காவலாளியும் தெரிந்தவர். பின்பக்கப் படி ஏறி வந்து பார்த்தால், இவள் தலைவிரி கோலமாக முழங்காலிட்டு, கட்டிலில் காதை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா, மெத்தைக்கு நாடி பார்க்கிறியா?"

அவரைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "போன் போச்சுங்க. எல்லாம் போச்சு. நாளையிலேருந்து நாம பழையபடி மாடிப்படியிலதான் பார்த்துக்கணும்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "பஸ்ல ராத்திரி யாராவது போனைத் தொலைச்சா நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? உள்விளக்கை எல்லாம் அணைச்சுட்டு அடிக்கச் சொல்வேன். எங்க வெளிச்சம் வருதோ அங்க போன். இரு." விளக்கை அணைத்தார், திரைச்சீலையை இழுத்து மூடினார், தன் போனிலிருந்து அழைத்தார்.

கும்மிருட்டு. அவள் கட்டிலையே வெறித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "விரிப்புக்குள்ள தெரியுதாங்க?"

இருட்டுக்குள் குபீரென்று ஒரு சிரிப்பு. "ஏம்மா, உன் வயித்துல விளக்கு எரியுது!"

குனிந்து பார்த்தாள். ஏப்ரனின் முன்பையில், துடைக்கிற துணிகளை ஒட்டி, அது பாட்டுக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தது. எப்போது அங்கே போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கனமும் இல்லை, அதிர்வும் உறைக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுத கண்ணோடு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

சிரித்து முடித்துவிட்டு விளக்கைப் போட்டால், அறை சந்தை மாதிரி கிடந்தது. இது ஒன்றா, பக்கத்தில் இன்னும் எத்தனை! விருந்தாளிகள் வருகிற நேரம் வேறு. அவர் மணியைப் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டார். "எனக்கு இன்னும் அரைமணி இருக்கு. எங்க பிடிக்கணும், சொல்லு."

அவ்வளவு நீளமான பஸ்ஸை ஒற்றைக் கையால் திருப்புகிற மனுஷனுக்கு ஒரு தலையணையை உறைக்குள் நுழைக்க வரவில்லை. விரிப்பின் மூலையைப் பொட்டலம் மாதிரி மடித்து அவளிடம் திட்டு வாங்கினார். இரண்டாவது அறையில் கொஞ்சம் தேறினார். மூன்றாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"தினமும் இத்தனை கட்டிலா?"

"பின்னே?"

"வீட்டுக்கு வந்தா நீ ஒருநாளும் சொன்னதே இல்லையே."

"உங்க பஸ் கதை கேட்கவே நேரம் பத்தலை. இதுல என் கட்டில் கதை வேறயா?"

அவர் அடுத்த விரிப்பை அவளுக்கு முன்பாகவே எடுத்து உதறினார். அவள் அறைக்கொரு படம் எடுத்து அனுப்ப, "சரி", "சரி" என்று வந்துகொண்டே இருந்தது. கடைசிப் படத்தைத் தட்டியதும் அவர் டிப்போவுக்கு ஓடினார், இவள் கீழே ஓடினாள்.

மேனேஜர் அறையில் மேடமும் ஸ்டோர்காரரும் இருந்தார்கள். மேடம் கணினியில் கடைசிப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். படுக்கை பிரமாதம். ஆனால் அலமாரிக் கண்ணாடியில், போனை நீட்டிக்கொண்டு இவள். இவளுக்குப் பின்னால் தாடையில் ஒரு தலையணையை இடுக்கிக்கொண்டு, கண் இடுங்கச் சிரிக்கும் ஓர் ஆள்.

"நாம எப்போ புது ஆள் எடுத்தோம்?" என்று கேட்டார் மேடம்.

நாலாம் மாடிக்குப் பொய் வராது. ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள்.

"அப்போ தொலைஞ்சுதா இல்லையா?" என்றார் மேனேஜர்.

"பையிலயேதான் இருந்துச்சு சார். இருக்கறதே தெரியலை. அதுதான் கோளாறு."

"அதுக்குத்தானம்மா சின்னதா வாங்குறது!" என்று ஸ்டோர்காரர் மேசையைத் தட்டினார். மேனேஜர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முயன்றார், வாய் கேட்கவில்லை. "எல்லா மாடிக்கும் வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

"வெளி ஆள் விருந்தாளி அறைக்குள்ள வரக் கூடாது. இந்தப் படத்தை அழிச்சுடணும்," என்றார் மேடம். பிறகு குரலைத் தாழ்த்தி, "அழிக்கறதுக்கு முன்னாடி உன் வீட்டுக்காரருக்கு அனுப்பிடு."

அவள் வாசல் வரை போய்விட்டாள். மேனேஜர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "எல்லாம் சொன்னே, கேமரா எப்படின்னு சொல்லலையே?"

அவள் போனைப் பார்த்தாள். ஒருவர் வரும்போது ஒருவர் கிளம்பிப் போன இத்தனை வருஷத்தில், இருவரும் சேர்ந்து எடுத்த படம் என்று வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. இதுதான் முதல்.

"ரொம்ப நல்லா இருக்கு சார்," என்றாள்.