வந்தவளுக்கு வைத்த வட்டா

காலையில் வதனி வந்து எனக்குத் தண்ணீர் வார்த்து, சீப்பால் தலை இழுத்துவிடுவாள். எனக்கு அது தேவையில்லை. கை கால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. ஆனால் இந்த முதியோர் இல்லத்தில் என்னைத் தொடுகிற கை அவளுடையது ஒன்றுதான். அதனால் கை நடுங்குகிறது என்று சொல்லி வைத்திருந்தேன். பொய்தான், அதற்கென்ன.

அன்றைக்குக் களுவாஞ்சிக்குடியில் இருந்து கம்சாயினி என்றொரு பெண் வந்தாள். யார் தாங்களாகவே குளிப்பார்கள், உடுப்பார்கள், சாப்பிடுவார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்து எழுதுவது அவள் வேலை. ஏலாதவர்களுக்கு மட்டும்தான் இனி வதனி வருவாளாம். ஒன்றுக்குமே ஏலாதவளாக நடிப்பதென்று முடிவெடுத்தேன்.

நன்றாகத்தான் நடித்தேன். சீப்பைக் கீழே போட்டேன். சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டினேன். அவளும் பாவம் பார்த்து எழுதிக்கொண்டாள். பிறகு பேனையை மூடிவிட்டு, வாவிப் பக்கத்து யன்னலடியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்கு எந்த ஊர் என்று விசாரித்தாள். வெல்லாவெளி என்றேன். அவளுடைய தாயும் அந்தப் பக்கம்தானாம்.

என் அறையில் ஒருவர் வந்து உட்கார்ந்து எவ்வளவோ காலம். வந்தவளுக்கு வெற்றிலை வட்டா வைக்காமல் இருப்பதா? எழுந்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்த பித்தளை வட்டாவைக் குனிந்து இழுத்தேன். வெற்றிலையைத் துடைத்து, காம்பு கிள்ளி, பாக்கை மெல்லிசாகச் சீவி, சுண்ணாம்பு தொட்டு மடித்து, வட்டாவில் வைத்து நீட்டினேன். அந்த நேரம் நான் ஒரு வீட்டுக்காரி.

அவள் மரியாதைக்கு எடுத்துக்கொண்டாள். என் விரல்களையே பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“தலை இழுக்க ஏலாது மனே,” என்றேன்.

“இந்தக் கையாலயா ஏலாது, பாலசுந்தரி அம்மா?”

சிரித்தபடியே பேனையைத் திறந்து, எழுதியதை வெட்டிவிட்டு வேறு எழுதினாள்.

வாசலில் வைத்து, திரும்ப எப்போது வருவாய் என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன்.

“உங்களுக்கு எல்லாம் ஏலும் அம்மா. இனி நான் வரத் தேவையில்ல.”

நல்ல செய்தி சொல்வதாகத்தான் சொன்னாள்.

மறுநாள் காலையில் பக்கத்து அறையில் வதனியின் குரல் கேட்டது. அங்கே இருக்கும் கண்ணகைக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். என் தலையை நானே இழுத்துக் கொண்டை போட்டேன். பிறகு வட்டாவில் புது வெற்றிலை அடுக்கி, யன்னலடியில் இருந்த அந்தக் கதிரைக்கு முன்னால் வைத்தேன்.