சுண்ணாம்பு இறங்கிய தண்ணீர்

உருத்திரமூர்த்திக்குப் பியர் காய்ச்சும் ஆசை ஐம்பது வயதுக்குப் பிறகுதான் வந்தது. சுவிட்சர்லாந்தின் ஒல்டனில் ஒரு களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர், வீடு திரிம்பாக்கில். கூட வேலை செய்யும் சுவிஸ்காரர் ஒருவர் தான் காய்ச்சிய பியரை ஒருநாள் குடிக்கக் கொடுத்தார். அதிலிருந்து இவருக்குக் கை துருதுருத்தது. பெரிய பானை, மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி, கசப்புக்கு ஹொப்ஸ் பூ எல்லாம் வாங்கி வந்து சனிக்கிழமைகளில் குசினியைத் தன் வசமாக்கிக்கொண்டார். மனைவி யாதவிக்கு அன்று முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை என்பது வசதியாகப் போயிற்று.

முதற் பியர் பார்வைக்குப் பொன்னிறமாகத்தான் இருந்தது. குடித்தால் ஒரு முரட்டுக் கசப்பு நாக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கீழ்வீட்டுத் தயாநிதி ஒரு மிடறு குடித்துவிட்டு, நிறம் நல்ல வடிவு என்றார். மிச்சத்தை மெல்ல மேசையில் வைத்தார்.

மால்ட் விற்ற கடைக்காரர் குற்றம் தண்ணீரில் என்றார். குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். குடிக்கக் கெடுதியில்லை, வெளிர்நிறப் பியருக்குத்தான் ஒத்துவராது. கறுப்புப் பியர் காய்ச்சினால் இந்தத் தொல்லையே இல்லை என்றும் சொன்னார். உருத்திரமூர்த்தி பொன்னிறத்தில்தான் நின்றார். அப்படியானால் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள், சுண்ணாம்பு அடியில் இறங்கும், மேல்தண்ணீரை மட்டும் கலங்காமல் இறுத்தெடுங்கள் என்று வழி சொல்லி அனுப்பினார்.

அதன்பிறகு வியாழக்கிழமை தோறும் பானை அடுப்பேறியது. இறக்கி வைத்தபின் அதன் பக்கத்தில் யாரும் அதிர நடக்கக்கூடாது.

"பானைக்கு முன்னாலை செருப்பும் கழட்டவேணுமோ?" என்று யாதவி கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. அடியில் படிந்த வெள்ளையைப் புதையல் கண்டவர் போலப் படம் பிடித்துத் தயாநிதிக்கு அனுப்பினார்.

ஆனால் இறுத்தெடுத்துக் கேனில் நிறைத்துவைத்த தண்ணீர் சனிக்கிழமை பார்த்தால் குறைந்திருந்தது. ஆவியாகிறது என்று முதலில் நினைத்தார். மூடியை இறுக்கினார். அப்போதும் குறைந்தது. கேன் ஒழுகுகிறதாக்கும் என்று அதைக் குளியல் தொட்டிக்குள் தூக்கிவைத்துக் காவலிருந்தார். ஒரு சொட்டும் விழவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முன்னதாகவே முடிந்து வந்தபோது, ஷாஃப்ஹவுசனிலிருந்து வந்திருந்த யாதவியின் தங்கை கஜலக்சுமியும் யாதவியும் குசினி மேசையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கேன் பக்கத்தில் திறந்தபடி இருந்தது.

"நீரோ எடுத்தனீர்?" என்று யாதவியைக் கேட்டார்.

"ஓம். உங்கடை தண்ணியிலை ஊத்தினால் பிளேன்ரீக்கு மேலை அந்தச் சுண்ணாம்பு ஆடை படியிறேல்லை. கோபிக்காமல் குடிச்சுப் பாருங்கோ."

கோபத்தோடுதான் குடித்தார். தேத்தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து, நல்ல சிவப்பாக, வாசமாக இருந்தது. குறை சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கடைசி மிடறுவரை தேடினார். பிறகு கோப்பையை நீட்டினார்.

"அத்தான், பியர் எந்தக் கடையிலையும் வாங்கலாம்," என்றாள் கஜலக்சுமி. "இந்தத் தண்ணிதான் ஒரு இடமும் விக்கிறாங்களில்லை."

மறுநாள் காலை கேனில் பாதிதான் மிச்சம். திரும்பக் காய்ச்சி ஆறவிட அன்று நேரமில்லை. கடைக்காரரிடம் போய் முகத்தைப் பாராமல் கறுப்புப் பியருக்கான வறுத்த மால்ட் கேட்டார். அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிறுத்துக் கொடுத்தார். வறுத்த மால்ட்டுக்கு இயல்பாகவே ஒரு புளிப்பு உண்டாம், சுண்ணாம்பை அது சமாளித்துவிடுமாம். உருத்திரமூர்த்தி குழாயைத் திறந்து வந்த தண்ணீரை அப்படியே பானையில் பிடித்தார்.

சில வாரங்களில் போத்தலைத் திறந்தபோது பியர் கறுப்பாக, நாக்கை உறுத்தாமல் வழுவழுப்பாக இறங்கியது. தயாநிதி இரண்டு போத்தல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு யாதவியும் முதல்முறையாக ஒரு வாய் குடித்தாள்.

"கோப்பி மாதிரிக் கிடக்கு," என்றாள். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்போது பியருக்குக் குழாய்த் தண்ணீரே போதும். வியாழக்கிழமைப் பானை மட்டும் நிற்கவில்லை. அதை ஏன் இன்னும் காய்ச்சுகிறார் என்று தயாநிதி கேட்டால், யாதவிக்காக என்கிறார். தேத்தண்ணீர் போட்டால் பெரிய கோப்பையில் முதலில் ஊற்றிக்கொள்கிறவர் அவர்தான்.