சாட்சி சொன்னவர்கள்

கண்ணாடித் தடுப்புக்குள் கையை விட்டு லீனா செல்களுக்குத் தீனி மாற்றிக்கொண்டிருந்தாள். சித்தூரிலிருந்து இன்பசேகரன் என்று ஒருவர் வந்திருப்பதாக வாசல் காவலாளியிடமிருந்து போன் வந்தது. வந்திருப்பது தாய்மாமா. எதற்கு வந்திருக்கிறார் என்பதும் தெரியும்.

எல்லாம் அம்மா தபீதாள் பார்த்த வேலை. திருப்பதியில் இந்த ஆய்வகத்தில் லீனா ஸ்டெம் செல்களை வளர்த்து, புற்றுநோயைத் தாக்கும் எதிர்ப்புச் செல்களாக மாற்றப் பார்க்கிறாள். கைக்குழந்தையைவிட மோசம் அவை. தீனி தவறினால் செத்துத் தொலையும். பிழைப்பவற்றை இப்போதைக்கு எலிகளுக்குத்தான் செலுத்துகிறார்கள். அம்மாவின் கணக்கில் எலியே கிடையாது. தன் தம்பி இன்பசேகரனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அடுத்த ஞாயிறே சபையில் எழுந்து நின்று, என் மகள் கையால் கர்த்தர் மருந்து உண்டாக்கிவிட்டார் என்று சாட்சி சொல்லிவிட்டாள். சபையே அல்லேலூயா என்றது. மாமா கீமோவுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

லீனா போனில் மறுக்காத நாளில்லை. மறுக்க மறுக்க, பிள்ளைக்கு எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்று புகழ்ந்தார்களே தவிர ஒருவரும் நம்பவில்லை. இதற்குமேல் எந்த வார்த்தையைத்தான் தேடுவது?

வாசல் பெஞ்சில் மாமா பாதி ஆளாக உட்கார்ந்திருந்தார். ஊசி இன்றைக்கேவா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“மாமா, அம்மா சபையில சொன்னது பொய். என்கிட்ட மருந்து இல்ல. இப்பவே என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. கீமோவ மறுபடி ஆரம்பிக்கச் சொல்லலாம்.”

இந்தத் தடவை அவர் புகழவில்லை.

“எப்டிம்மா வர்றது? போன ஞாயித்துக்கெழம நானும் எழுந்து சாட்சி சொல்லிட்டேனே, சொகமாயிடுச்சின்னு. விசுவாசமா முன்னாடியே சொல்லிட்டா நடக்கும்னாங்க. எல்லாரும் அழுதுகினு பாடுனாங்க. இப்பப் போயி படுத்தா, உங்கம்மாளும் பொய்யி, நானும் பொய்யின்னு ஆவாதா?”

லீனாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்து எழுப்பப் பார்த்தாள். கை காய்ச்சலில் கொதித்தது.

“எனக்கு ஒண்ணுமில்லம்மா,” என்றார் மாமா. இன்னொரு கையால் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.