சீருடைக்கு மேலே கோட்டு

என் தம்பி மகளுக்குக் கோபம் வந்தால் அடுப்பில் குக்கர்கூட விசிலடிக்கப் பயப்படும். அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் பூட்ஸ் காலோடு கூடத்துக்குள் நுழைந்த அதிர்ச்சியில் என் மூக்குக்கண்ணாடி தானாகவே நெற்றிக்கு ஏறிவிட்டது.

“பெரியப்பா, இன்னிக்கும் ஆப்சென்ட்!”

கல்லூரியில் அவளுக்கு வேதியியல் கடைசி வருஷம். கூடவே ராணுவ அதிகாரிப் பயிற்சி. செவ்வாய்தோறும் காலை ஆறிலிருந்து எட்டே முக்கால்வரை மைதானத்தில் அணிவகுப்பு, ஒன்பதுக்கு ஆய்வகம். வெள்ளைக் கோட்டு இல்லாமல் ஆய்வகத்துக்குள் நுழையக் கூடாது. சீருடைக்கு மேல் வேறெந்தத் துணியும் போடக் கூடாது என்பது அணிவகுப்பு நடத்தும் டிரில் மாஸ்டரின் சட்டம். உடை மாற்றும் அறையோ மைதானத்தின் மறுகோடியில், கிட்டத்தட்ட அடுத்த நாட்டில். மாற்றிக்கொண்டு மூன்றாவது மாடி ஏறுவதற்குள் மணி ஒன்பது பத்து ஆகிவிடும். ஒன்பதுக்கே கதவைச் சாத்திவிடுவார்கள். இப்படியே ஆறு ஆப்சென்ட். இன்னும் ஒன்று விழுந்தால் பரீட்சை கிடையாது. பரீட்சை இல்லையென்றால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாதவளை எந்த ராணுவமும் அதிகாரியாக்காது.

அதே ஆய்வகத்தில் முப்பத்து நாலு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். “நான் பேசுறேன் விடு” என்று மார்தட்டினேன். வேலை ஓய்ந்த மனிதனுக்கு அடுத்தவர் சண்டையைவிட இனிப்பான பண்டம் வேறென்ன?

அடுத்த செவ்வாய் டிரில் மாஸ்டரைக் கையோடு இழுத்துக்கொண்டு ஆய்வக வாசலுக்குப் போனேன். அவர் தொண்டையைச் செருமினாலே தெருநாய்கள் வரிசையில் நிற்கும். கதவருகே பேராசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். பின்னால் என் தம்பி மகள், முழுச் சீருடையில்.

“யூனிஃபார்ம் மேல கோட்டா? அப்புறம் மழைக்குக் குடையும் பிடிச்சுக்கிட்டு பரேடுக்கு வரட்டுமா?” என்றார் மாஸ்டர்.

“ஆசிட் தெறிச்சா உங்க யூனிஃபார்ம் சல்யூட் அடிச்சுத் தடுத்துடுமா சார்?” என்றார் பேராசிரியை.

“ரூல்னா ரூல்தான் மேடம்.”

“அதத்தானே சார் நானும் சொல்றேன்!”

இருவர் முகமும் மலர்ந்துவிட்டது. ரொம்ப நாளாகத் தேடிய உறவினரைக் கண்டுகொண்டவர்களைப் போலத் தலையாட்டினார்கள். இரண்டு பேரையும் ஒரே பீக்கரில் போட்டுக் கொதிக்கவிடலாமா என்று யோசித்தேன். அதற்குத் தகுந்த அளவில் பீக்கர் வாங்கி வைக்காமல் ஓய்வு பெற்றுவிட்டேனே!

ஒன்பதுக்கு ஒரு நிமிடம். அவள் பெல்ட்டை அவிழ்த்தாள். சீருடைச் சட்டையைக் கழற்றினாள். உள்ளே உடற்பயிற்சிக்குப் போடும் பழுப்பு நிற முழுக்கை பனியன். சட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்துவிட்டு, கோட்டை எடுத்து மாட்டினாள்.

“கேடட்! பாதி யூனிஃபார்மா? சாயங்காலம் எக்ஸ்ட்ரா டிரில்! இருபத்தஞ்சு ரவுண்டு!”

“எழுதிக்கோங்க சார். டிரில்ல ஓடித் தீர்த்துடுவேன். ஆப்சென்ட்ட எங்க போய் ஓடித் தீர்க்கிறது?”

உள்ளே போய்விட்டாள். பேராசிரியை வருகைப் பதிவில் டிக் போட்டார்.

சாயங்காலம் ஓடினாள். தண்டனை கொடுத்தவரே நின்று சுற்றுகளை எண்ண வேண்டும் என்பது பயிற்சியின் வழக்கம். அதுவும் ரூல்தான்! மாஸ்டர் வெயிலில் நின்று எண்ண, நான் மரத்தடியில் உட்கார்ந்து அவரை எண்ணினேன். அடுத்த செவ்வாயும் சட்டையைக் கழற்றினாள், இருபத்தைந்து சுற்று. அதற்கடுத்த செவ்வாயும். மூன்றாவது வாரம் மாஸ்டரின் முழங்கால் எனக்கே கேட்கும்படி முனகியது.

“இன்னும் எத்தன வாரம்மா இப்படி?”

“பரீட்சை வரைக்கும் சார். ஒன்பது செவ்வாய்.”

மறுநாளே அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டியிருந்தது: செவ்வாய் அணிவகுப்பு இனி எட்டரைக்கே முடியும்.

“ஜெயிச்சுட்டடி!” என்று குதித்தேன்.

அவள் காகிதத்தை இரண்டு முறை படித்தாள். முகம் இன்னும் சிவந்தது.

“கால்மணி நேரம், பெரியப்பா. இத ஆறு ஆப்சென்ட்டுக்கு முன்னாடியே எழுதியிருக்கலாம்ல? வகுப்பே வேடிக்கை பார்க்க, மூணு தடவை நான் சட்டையைக் கழட்டிட்டு நின்னேன். அத எந்தக் காகிதத்துல எழுதுவாராம்?”

“போனது போகட்டும்மா…”

“போகாது.”

பலகையிலிருந்து காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு நடந்தாள். மாஸ்டரின் அறைக் கதவை, தட்டாமலே திறந்தாள்.