ஆறுதலாக வாழ்ந்த றமேஸ்

செப்டெம்பரில் வீடுகள் விற்பது அடியோடு நின்றது. அதே செப்டெம்பரில் றமேசுக்கு ஞானம் பிறந்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அவன் சத்தியம் செய்தான்.

வீடு விற்கும் ஏஜென்டாக, ஸ்காபரோவின் பஸ் தரிப்பிட இருக்கைகளிலெல்லாம் விளம்பரப் படமாக இருந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவன் அவன். இப்போது அவனுடைய போன் அடிப்பதே இல்லை. அடிக்காத போனை அணைத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு மனைவியிடம் வந்தான்.

"ஓடி ஓடி என்னத்தைக் கண்டம், ஏஞ்சலா? இந்த ஃபோல், இலை கொட்டி முடியுமட்டும் நான் அவசரமில்லாமல் ஆறுதலா இருக்கப்போறன். ஒவ்வொரு நிமிசத்தையும் உணர்ந்து வாழப்போறன்."

ஏஞ்சலா வேலைக்குப் போகும் அவசரத்தில் நின்றபடியே பாணைக் கடித்துக்கொண்டிருந்தாள். வோபர்னில் ஒரு பல் கிளினிக்குக்கு அவள் மனேஜர்.

"நல்லதப்பா. உணர்ந்து முடிஞ்சால் உடுப்புகளை மெசினுக்கை போட்டுவிடுங்கோ."

அவன் போடவில்லை. மெசின் இரைச்சல் மன அமைதியைக் குலைக்கிறதாம்.

ஞானத்துக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. கட்டம் போட்ட தடித்த சட்டை. கம்பளிக் காலுறை. குயவன் பாதியில் கைவிட்டதுபோல் கோணிக்கிடந்த ஒரு கோப்பை. கறுவாப்பட்டை மணக்கும் மெழுகுதிரிகள். வீட்டுப் பின்வளவில் போட அகன்ற கைபிடியுள்ள ஒரு மரநாற்காலி. ஒன்றே ஒன்று, மனைவியும் வந்து அமர்வாளென்று அவனுக்குத் தோன்றவில்லை.

காலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அதில் போய் அமர்வான். மேப்பிள் மரம் மஞ்சளாகிச் சிவப்பாவதைப் பார்ப்பான். கொட்டிய இலைகளை வாரமாட்டான். "விழுந்த இடத்திலை கிடக்கிறதுதான் இயற்கை" என்பான். காற்று அவற்றை அள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு வாசலில் குவித்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து மணியடித்தார். காலை வேளையில் றமேஸ் மணிக்குப் பதில் சொல்வதில்லை. ஏஞ்சலாதான் போய் மன்னிப்புக் கேட்டாள். சனிக்கிழமை முழுக்க இலை வாரிக் கடதாசிப் பைகளில் அடைத்தவளும் அவள்தான். நாற்காலிக்குக் கீழே அவள் வாரியபோது அவன் தன் இரண்டு கால்களையும் தூக்கிக் கொடுத்தான். அவ்வளவு ஒத்தாசை.

மிசிசாகாவில் இருக்கும் அவனுடைய தாயார், மகனின் போன் வேலைசெய்யாததால் கிளினிக்குக்குப் போன் எடுத்து ஏஞ்சலாவிடம் முழங்கால் நோவைச் சொன்னார். அவனுடைய காரைச் சேர்விசுக்கும் அவள்தான் கொண்டுபோனாள். அவன் மெதுவாக்கிக்கொண்ட ஒவ்வொன்றும் அவளுடைய தலையில் வந்து விழுந்து வேகம் பிடித்தது.

ஒக்டோபரில், தாங்ஸ்கிவிங் எனும் நன்றித் திருநாள் விடுமுறைக்கு முந்திய வார ஞாயிறு, பூசை முடிந்து கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது றமேஸ் ஆட்களைக் கூப்பிட்டான். பாடகர் குழுவை நடத்தும் இக்னேசியஸ் அண்ணை, அவர் மனைவி வேரோனிக்கா அக்கா, அவனுடைய கூட்டாளி மாக்கஸ், மாக்கசின் மனைவி செலீன்.

"அடுத்த ஞாயிறு எங்கடை வீட்டிலை. ஒரு அவசரமும் இல்லை. போனெல்லாம் கூடைக்குள்ளை. ஆறுதலா அவிச்ச பூசணி சூப், வான்கோழி, எல்லாம் கையாலை செய்தது."

யாருடைய கை என்று அவன் சொல்லவில்லை. காரில் ஏறியதும் ஏஞ்சலா கேட்டாள்.

"ஆர் சமைக்கிறது?"

"நீர் சமையலைப் பாரமா நினைக்காதையும். ஒவ்வொரு வெங்காயத்தையும் உணர்ந்து வெட்டிப் பாரும், உமக்கே வித்தியாசம் தெரியும்."

கோபம் வந்திருந்தால் சண்டை பிடித்திருப்பாள். கோபப்படுவதற்கு எதிரில் இருப்பவனிடம் கொஞ்சமாவது மதிப்பு மிஞ்சியிருக்கவேண்டும். சப்பாத்துக் காலால் எதையோ மிதித்துவிட்டவள் பார்ப்பதுபோல் அவனை ஒருமுறை பார்த்துவிட்டுக் காரை எடுத்தாள்.

அந்த ஞாயிறும் வந்தது. விருந்துக்கு மனதைத் தயார்ப்படுத்தவேண்டும் என்று றமேஸ் ரூஜ் பள்ளத்தாக்குப் பக்கம் நடக்கப்போனான். ஏஞ்சலா குளிர்ப்பெட்டியைத் திறந்து வான்கோழியைப் பார்த்தாள், திரும்ப மூடினாள். அவனுடைய கம்பளிக் காலுறையை மாட்டினாள். கோணல் கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு பின்வளவுக்குப் போய் அவனுடைய நாற்காலியில் சாய்ந்தாள்.

முதலில் வீம்புக்குத்தான் இருந்தாள். கொஞ்சநேரம் போக, தோள்கள் தாமாகவே இறங்கின. மேப்பிள் இலைகளுக்கூடாக வெயில் வந்து மடியில் கிடந்தது. வேலிக்கு மேலே ஒரு அணில் வாயில் எதையோ கவ்விக்கொண்டு ஓடியது. இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் பின்வளவில் இப்படி வெயில் விழும் என்பதே அவளுக்குத் தெரியாது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. அது அவளை இளக்கவில்லை. இவ்வளவு நல்ல ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு வாய் தராமல் தனியே தின்றிருக்கிறானே என்றுதான் நினைத்தாள்.

விருந்தாளிகள் வந்தார்கள். றமேசும் அவர்களோடு வந்தான். போன்கள் கூடைக்குள் போயின; அலுமாரியில் கிடந்த தன்னுடையதையும் றமேஸ் கொண்டுவந்து போட்டான். எல்லோரும் பின்வளவில் கூடியபோது இக்னேசியஸ் அண்ணை மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஒரு மணத்தையும் காணேல்லை?"

றமேஸ் உள்ளே போய், முகம் வெளுத்துத் திரும்பி வந்தான். "ஏஞ்சலா, அடுப்பு குளிர்ந்து கிடக்குது! வான்கோழி கல்லு மாதிரி இருக்குது!"

"ஓமப்பா. ஆறுதலா உருகட்டும். என்ன அவசரம்?"

செலீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். றமேஸ் குனிந்து மனைவியின் காதுக்குள் சொன்னான்.

"ஆக்களுக்கு முன்னாலை என்னை வெட்கப்படுத்தாதையும். எழும்பும்."

"நீங்கள் போய் வெங்காயத்தை உணர்ந்து வெட்டுங்கோ. எனக்கு இலை பாக்கிற வேலை இருக்குது."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. எல்லோருக்கும் கேட்டது.

றமேஸ் கூடைக்குள் கைவிட்டுக் கிண்டி, மாக்கசின் போனை எடுத்து, அதை எறிந்துவிட்டுத் தன்னுடையதைத் தேடிப் பிடித்தான். நீண்ட விடுமுறை, முதலில் போன் எடுத்த இரண்டு சாப்பாட்டுக் கடையும் பூட்டு. மூன்றாவது கடையில் கொத்துரொட்டி இருந்தது. சப்பாத்துப் போட மறந்து செருப்போடு காருக்கு ஓடினான்.

வேரோனிக்கா அக்கா குசினிக் கதிரை ஒன்றைத் தூக்கிவந்து ஏஞ்சலாவுக்குப் பக்கத்தில் போட்டு அமர்ந்தார்.

"நான் விடிய எழும்பி இந்தாளுக்கு மூண்டு கறி வைச்சிட்டு வாறன். உனக்கு வந்த புத்தி எனக்கு ஏன் வரேல்லை?"

இக்னேசியஸ் அண்ணை அதைக் கேட்காதவர்போல் மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

றமேஸ் வியர்வை வழிய, சாப்பாட்டுத் தட்டங்களோடு திரும்பினான். வழியிலேயே ஒரு கதையும் தயாராகிவிட்டது.

"நானும் ஏஞ்சலாவும் கதைச்சுத்தான் இப்பிடிச் செய்தனாங்கள். சமையலிலை இருந்தும் ஒரு விடுதலை. இதுவும் ஆறுதல் வாழ்க்கையிலை ஒரு பகுதிதான்."

"சுப்பர் ஐடியா மச்சான்" என்றான் மாக்கஸ்.

"ஓம் தம்பி," என்றார் வேரோனிக்கா அக்கா, கொத்தைப் பிசைந்தபடி. "நீர் ஓடின ஓட்டத்திலையே தெரிஞ்சுது."

நவம்பர் தொடக்கத்தில் ஒருவர் வீடு விற்கவேண்டும் என்று கூப்பிட்டார். அந்தக் கணமே றமேசின் ஞானம் கழன்று விழுந்தது. உடம்பில் கோட்டும் கழுத்தில் ரையும் ஏறின. மெழுகுதிரிகள் நிலவறைக்குப் போயின. குளிக்கும்போதும் போனை வெளியே வைக்கவில்லை.

ஏஞ்சலா கிளினிக்கில் கதைத்து வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கிக்கொண்டாள். அன்று வேரோனிக்கா அக்காவை ஏற்றிக்கொண்டு ரூஜ் ஆறு ஏரியில் கலக்கும் கரைக்குப் போவாள். இருவரும் ஒரு மரக்குற்றியில் அமர்ந்து வாத்துகளைப் பார்ப்பார்கள். கதை வந்தால் கதைப்பார்கள். அதற்கு அவர்கள் ஒரு பெயரும் வைக்கவில்லை.

ஒரு வெள்ளி காலை, அவள் புறப்படும்போது றமேஸ் வழிமறித்தான்.

"அங்கை போய் என்னதான் செய்யிறனீங்கள்?"

"ஒண்டும் செய்யிறேல்லை."

அவன் கண்கள் விரிந்தன. "அதை ஒரு வீடியோவா எடும் ஏஞ்சலா! தண்ணி, இலை, ரெண்டு பொம்பிளையள்... கீழை என்ரை பேரையும் நம்பரையும் போடுவம். இப்ப சனத்துக்கு உதுதான் விருப்பம்."

ஏஞ்சலா அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். திருத்த முடியாத பல்லைப் பார்த்துவிட்டுப் பல்வைத்தியர் மௌனமாக விளக்கை அணைப்பாரே, அந்தப் பார்வை. பிறகு காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.