நாலாம் நம்பரின் இரண்டாவது சத்தம்

காலை பத்து இருபதுக்கு வந்த போனை வால்யூம் சிரித்துக்கொண்டேதான் எடுத்தான்.

வால்யூம் என்பது அக்கா வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் ரேடியோ, டிவி எதில் அவன் கை பட்டாலும் சத்தம் ஏறும். இப்போது இருபத்தாறு வயதாகிறது. சத்தம் இன்னும் இறங்கவில்லை. அவனும் அவன் கூட்டாளி இடியும் சேர்ந்து ஒரு மெட்டல் குழு நடத்தினார்கள். இடி டிரம்ஸோடு எண்ணெய்ப் பீப்பாயையும் சேர்த்து அடிப்பான். வால்யூம் கிட்டாரை அலறவிட்டு, அதன்மேல் லிஃப்ட், வெல்டிங், கல் உடைக்கும் மிஷின் என்று கிடைத்த சத்தத்தையெல்லாம் அடுக்குவான். இதைப் பாட்டு என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அதற்காகத்தான் ஒத்திகை அறையின் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அறைந்து வைத்திருந்தார்கள்.

நாளை மதியம் அவர்களுடைய முதல் ஆல்பம் 'இரும்புக் காய்ச்சல்' இணையத்தில் வெளியாகிறது. அதன் ஆறு பாட்டில் மூன்றாவதான 'நாலாம் நம்பர்' ஒன்பது நிமிஷம் ஓடும். அதை நம்பித்தான் இரண்டு பேரும் தூங்கினார்கள், விழித்தார்கள்.

போனில் மாஸ்டரம்மா. ஆல்பத்தின் ஒலியைக் கடைசியாகச் சமன் செய்து, இசைத்தட்டாக வெட்டித் தருகிறவர். அதிகம் பேசமாட்டார்.

"தம்பி, மூணாவது பாட்டு. 'டம்'முனு ஒரு அடி, அப்புறம் 'ணிக்'குனு சின்னதா ஒண்ணு. சரிதானே?"

"அதுதாங்க மேடம் பாட்டோட தாளமே."

"முதல் மூணு நிமிஷம் ஒரு ணிக்தான் இருக்கு. ஆறாவது நிமிஷத்துலேருந்து ரெண்டு. போகப்போக ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி அகலமாகுது. ரொம்ப அழகு. எப்படிப் பண்ணீங்க?"

"நான் எதுவும் பண்ணல மேடம். வாரத்துக்கு ஒரு தடவ, மூணு வாரம் பதிவு பண்ணி ஒட்டினேன். மிஷின் தானா அப்படி மாறிச்சு."

மறுமுனையில் அந்த 'டம்… ணிக்… ணிக்' இன்னொரு தடவை ஓடியது.

"மேடம்?"

"அந்த மிஷின்கிட்ட ஆள் நிக்கறாங்களா?"

வால்யூமின் சிரிப்பு உதட்டிலேயே நின்றுவிட்டது. "என் அக்கா."

"என் வெட்டுற மிஷின் இப்படி ஒரு சத்தம் போட்டா, நான் அன்னிக்கு அதுல கை வைக்க மாட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார் மாஸ்டரம்மா.

அக்கா வேலை பார்ப்பது டப்பா மூடி அடிக்கும் தொழிற்சாலையில். ஆறு பிரஸ் மிஷின்கள். அக்கா நாலாம் நம்பரில் நிற்கிறாள். தகட்டை வைத்து, மிதியை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரு மூடியை வெட்டிவிட்டு மேலே போய் நிற்கும். நின்ற பிறகு கையை உள்ளே விட்டு மூடியை எடுக்க வேண்டும். எடுக்க இடுக்கி கொடுத்திருந்தார்கள். இடுக்கியால் எடுத்தால் அன்றைய எண்ணிக்கை எட்டாது என்பதால் எல்லோருமே கையால்தான் எடுத்தார்கள்.

அந்த மிஷினின் சத்தம் வேண்டும் என்று மூன்று மாதம் அக்காவைக் கெஞ்சியவன் அவன்தான். காசு அகலத்தில், தானே பதிவு செய்துகொள்ளும் ஒரு ஒட்டு மைக் செய்து கொடுத்தான். அது காற்றில் வரும் சத்தத்தைப் பிடிக்காது. எந்த இரும்பில் ஒட்டுகிறோமோ அந்த இரும்புக்குள் ஓடும் அதிர்வை மட்டும் பிடிக்கும். அக்கா அதைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்துக் கொண்டுபோய், பிரஸ்ஸின் பின்புறம் டேப் போட்டு ஒட்டினாள். உள்ளே போன் கொண்டுபோகவே தடை. "தெரிஞ்சா என்னை வாசலோட அனுப்பிடுவாங்க. உன் வாயத் திறந்தே, உன் கிட்டாரை எடைக்குப் போட்டுடுவேன்" என்று சொல்லித்தான் செய்தாள்.

"இடி, வண்டிய எடு."

"எங்கடா? இன்னும் அட்டைப்படம் வேற…"

"அக்காவோட கை அந்த மிஷினுக்குள்ள இருக்குடா!"

இடியின் வண்டியில் சைலன்சர் பாதிதான் இருந்தது. அதைவிடப் பெரிய சத்தத்தில் இருவரும் கத்திக்கொண்டே போனார்கள்.

"பதிவு இருக்குல்ல? அதப் போட்டுக் காட்டு, புரிஞ்சுப்பாங்க!" என்றான் இடி.

"எங்க இருக்கு? நீதானே அழிக்கச் சொன்ன!"

அழிப்பது குழுவின் சட்டம். பாட்டின் ஒலிக்கலவை முடிந்த அன்றே மூலப் பதிவுகளை இருவரும் சேர்ந்து அழித்துவிடுவார்கள். திரும்பிப் போக வழி இருந்தால் பாட்டில் தைரியம் இருக்காது என்பது இடியின் கண்டுபிடிப்பு. அழித்த அன்று கைகூடக் குலுக்கிக்கொண்டார்கள். இப்போது வால்யூமின் போனில் இருந்ததெல்லாம் மூன்று கிட்டாரும் ஒரு பீப்பாயும் அவன் அலறலும் சேர்ந்து மூடிய 'நாலாம் நம்பர்' பாட்டுதான்.

வாசலில் காவலாளி கை நீட்டித் தடுத்தார். "யாரப் பாக்கணும்?"

அக்கா என்று சொல்ல வாய் வந்தது. விழுங்கிக்கொண்டான். "ஃபிட்டரப் பாக்கணுங்க. ரொம்ப அவசரம்."

ஃபிட்டர் வருவதற்கு ஏழு நிமிஷம் ஆனது. உள்ளே ஆறு பிரஸ்ஸும் அடிக்கும் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது. டம் டம் டம். எது நாலாம் நம்பர் என்று அவனால் பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவன் விரல்கள் தானாக மடங்கின.

ஃபிட்டர் தனியாக வரவில்லை. கூடவே சூப்பர்வைசரும் வந்தார். வேலை நேரத்தில் ஒரு ஆள் வாசலுக்குப் போனால் பின்னாலேயே வருவது அவர் வழக்கம்.

"உங்க பிரஸ் ஒண்ணுல கோளாறு இருக்கு சார். இதக் கேளுங்க" என்று ஹெட்போனை நீட்டினான் வால்யூம்.

சூப்பர்வைசர்தான் முதலில் வாங்கினார். மூன்று நொடியில் பிடுங்கி எறியாத குறையாகக் கழற்றினார். "என்னய்யா இது? லாரிக்குப் பிரசவ வலியா?"

"பாட்டு சார். நாளைக்கு வெளியாகுது."

"பாட்டா? யோவ் ஃபிட்டர், இதுக்கா என்னக் கூட்டிட்டு வந்தே?"

"நான் எங்க கூட்டிட்டு வந்தேன், நீங்களா வந்தீங்க" என்று சொல்லிக்கொண்டே ஃபிட்டர் ஹெட்போனை மாட்டினார். முகம் சுளிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவரின் நுனியை மிஷினில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, இருபத்திரண்டு வருஷமாக இரும்பைக் கேட்கிற ஆள். இரைச்சலுக்கு நடுவே ஒரு சத்தத்தைத் தேடுவதுதான் அவர் பிழைப்பு. கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த ஊளை யாரு?"

"நான்தாங்க."

"சரி, அது கிடக்கட்டும். தகரத்துல எவனோ அடிக்கிறான்…"

"பீப்பாய், அண்ணே" என்றான் இடி பெருமையாக.

"சும்மா இரு." ஃபிட்டர் ஒவ்வொன்றாக மனசுக்குள் ஒதுக்கிக்கொண்டே போனார். அவர் ஆள்காட்டி விரல் காற்றில் மெதுவாக அடித்தது. வால்யூம் பாட்டை ஆறாவது நிமிஷத்துக்குத் தள்ளிவிட்டான். விரல் நின்றுவிட்டது. "இது பிரஸ்தான். ஆனா நம்ம மிஷின் எதுவும் இவ்வளவு மெதுவா ஓடாதே?"

"பாதி வேகத்துல வச்சிருக்கேங்க. கனமா இருக்கட்டும்னு."

"அதான். நிஜ வேகத்துல இந்த ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கும்." கண்ணைத் திறந்தார். "மேல போய் நிக்கிற அச்சு ஒழுங்கா நிக்கல. பிரேக் பிடிக்காம மயிரிழை கீழ நழுவி, திரும்ப மாட்டுது. ஒரு நாள் மாட்டாது. மிதிக்காமலே இறங்கிடும். எந்தப் பிரஸ் இது?"

வால்யூம் வாயைத் திறந்தான். சூப்பர்வைசர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பிரஸ்ஸுடா? ஆறையும் நிறுத்த எனக்கு அதிகாரம் இல்ல."

"எப்படி உனக்கு எங்க மிஷின் சத்தம் வந்துச்சு? அதை மொதல்ல சொல்லு" என்றார் சூப்பர்வைசர்.

நம்பரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி. காலை ஷிஃப்டில் நாலாம் நம்பரில் நிற்பது ஒரே ஒருத்தி. அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அவன் கிட்டார் கம்பிகூட அதில் வந்ததுதான். உள்ளே டம் என்று ஒன்று விழுந்தது.

"நாலாம் நம்பர்" என்றான். "என் அக்கா அது. நான்தான் மைக் வைக்கச் சொன்னேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா. என்ன வேணா பண்ணுங்க, மொதல்ல நிறுத்துங்க!"

ஃபிட்டர் அதற்குள் பாதி தூரம் ஓடியிருந்தார்.

அவர்கள் நுழைந்தபோது அக்காவின் வலது கை அச்சுக்குக் கீழே இருந்தது. காதில் பஞ்சு, யார் கத்தினாலும் கேட்காது. கை வெளியே வந்தது. மிதித்தாள். டம். கை உள்ளே போனது. ஃபிட்டர் சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டு அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்தாள். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டியா?"

"அக்கா, மிஷின்ல…"

"சொல்லிட்டியாடா வால்யூம்?"

ஃபிட்டர் எல்லோரையும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் தள்ளினார். மிஷினை மறுபடி இயக்கி, ஒரு நீளக் கம்பியால் மிதியை அழுத்தினார். அச்சு இறங்கியது, ஏறியது, நின்றது. ஒன்று. மறுபடி அழுத்தினார். இரண்டு. மூன்று. சொன்னது சொன்னபடி போய் நின்றது. பக்கத்து மிஷின்களில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பத்து. பதினைந்து.

"போதும்யா" என்றார் சூப்பர்வைசர். "நாளைக்கு இவங்க பாட்டு வருதாம்ல, அதுக்கு விளம்பரம். உள்ள மைக் கொண்டுவந்தது மட்டும் நிஜம். அம்மா, நீ ஆபீசுக்கு வா."

பதினெட்டு. பத்தொன்பது. அச்சு ஒழுங்காகவே நின்றது. தப்பாக இருந்தால் அக்காவின் வேலையை அவனே தின்றுவிட்டான். சரியாக இருந்தால், இத்தனை நாள் அவள் கை இதற்குள்தான் இருந்திருக்கிறது. அது அதைவிட மோசம்.

இருபத்து மூன்றாவது அடிக்குப் பிறகு ஃபிட்டர் கம்பியை எடுத்துத் தரையில் வைத்தார். "எதுக்கும் பிரேக்கக் கழட்டிப் பாத்துட்டு…" என்று நிமிர்ந்தார்.

டம்.

யாரும் மிதிக்கவில்லை. கம்பி தரையில் கிடந்தது. அச்சு தானாக இறங்கி, வெறும் அடித்தட்டில் மோதி, ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே போய் நின்றது.

ஃபிட்டர் மிஷினை அணைத்தார். பிறகு மற்ற ஐந்தும் ஒவ்வொன்றாக நின்றன. யார் நிறுத்தச் சொன்னது என்று சூப்பர்வைசர்கூடக் கேட்கவில்லை. அக்கா தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, அந்த அடித்தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிரேக்கின் மூடியைக் கழற்றியபோது நாலு போல்ட்டில் ஒன்று உடைந்து உதிர்ந்தது, இன்னொன்று பாதி விரிசல் விட்டிருந்தது. ஃபிட்டர் இரண்டையும் கையில் வைத்துக் குலுக்கினார்.

"திங்கக்கிழமை இத நான் கேட்டேன். ஸ்க்ரூடிரைவர் வச்சு. இந்தப் பையன் பாட்டுல இருக்கற ரெண்டாவது சத்தம் என் காதுல விழல. ஒண்ணுமில்லனு கையெழுத்துப் போட்டேன்" என்றார் யாரிடமோ.

சூப்பர்வைசர் போல்ட்டிலிருந்து கண்ணை எடுத்து அக்கா பக்கம் திரும்பினார். "அது வேற, இது வேற. மைக் கொண்டுவந்தது கொண்டுவந்ததுதான். மூணு நாள் வீட்ல இரும்மா. மேல என்ன சொல்றாங்களோ, கூப்பிட்டுச் சொல்றோம்."

"அப்ப மேல அனுப்புற ரிப்போர்ட்ல இந்த போல்ட்டையும் எழுதுங்க சார்" என்றார் ஃபிட்டர். "எழுதலன்னா நான் எழுதுறேன்."

மைக்கா, போல்ட்டா, எது ஜெயிக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் இடி வண்டியோடு நின்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஹாரன் அடிக்கக்கூட யோசித்தான். அவள் வண்டியைத் தாண்டி நடந்தாள். வால்யூம் பின்னாலேயே ஓடினான்.

"அக்கா, மன்னிச்சிடு. சொல்லாம வேற வழியே இல்ல."

"வேலைய விடு. போனா போகட்டும், வேற தேடிக்கிறேன்." அவள் நின்றாள். "ஒண்ணு கேக்கறேன். அந்த ரெண்டாவது சத்தத்த நீ எப்ப கேட்டே?"

மாஸ்டரம்மா போன் செய்த நேரத்தைச் சொல்லிவிடலாம். பொய்கூட இல்லை, கொஞ்சம் சுருக்கம்.

"பன்னண்டு நாளைக்கு முன்னாடி" என்றான்.

"கேட்டுட்டு?"

அவன் தலை குனிந்தது.

"கேட்டுட்டு என்னடா பண்ணினே?"

"நல்லா இருக்கேன்னு… சத்தத்த ஏத்தி வச்சேன்."

அக்கா வலது கையை ஓங்கினாள். அறை விழப்போகிறது என்று கண்ணை மூடினான். விழவில்லை. திறந்தபோது விரித்த கை அவன் முகத்துக்கு நேரே நின்றது. விரல் நுனிகளில் எண்ணெய்க் கறுப்பு.

"எண்ணு."

"அக்கா…"

"எண்ணுடா."

"ஒண்ணு. ரெண்டு. மூணு." பாட்டு தொடங்கும்முன் இடிக்கு எண்ணிக் கொடுப்பது போலத்தான் வந்தது. "நாலு." கட்டைவிரலில் வந்து நின்றான்.

"சத்தமா."

"அஞ்சு."

அக்கா கையை இறக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். வால்யூம் போனை எடுத்து மாஸ்டரம்மாவை அழைத்தான்.

"மேடம், மூணாவது பாட்டு ஆல்பத்துல வேண்டாம்."

"அது இல்லன்னா ஆல்பத்துல என்னப்பா இருக்கு?"

"தெரியல மேடம். அஞ்சு பாட்டு இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவன் அக்காவின் பின்னால் ஓடினான்.